தரம் பத்தில் ஒரு கதிரை

சிறைச்சாலை,
யாழ்ப்பாணம்.
09.03.2025

மதிப்புக்குரிய ஜெபரட்ணம் சேர் அவர்களுக்கு,

நான் உரும்பிராய் சண்முகநாதன். பேரைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துவிட நினைப்பீர்கள். அதற்கு முன் இந்த ஒரு பக்கத்தை வாசியுங்கள். இங்கே நாங்கள் எழுதுவதை அதிகாரிகள் வாசித்த பிறகுதான் அனுப்புவார்கள். ஆகவே உங்களை மிரட்டி ஒன்றும் எழுதியிருக்க மாட்டேன் என்று பயப்படாமல் வாசிக்கலாம்.

என் மகள் கோபிகா உங்களிடம் தரம் பத்தில் கணக்குப் படித்தவள். போன ஆடி மாதம் நடந்ததற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. நீங்கள் அறிவீர்களோ தெரியாது. முதலில் விரல் முறிவு ஆறட்டும் என்று வீட்டில் நின்றாள். கட்டு அவிழ்த்த பிறகு மனைவி மீனாம்பிகை கூட்டிக்கொண்டு போனாள். அதிபர், "கொஞ்ச நாள் எல்லாம் ஆறட்டும், பிறகு பாப்பம்" என்று சொல்லி அனுப்பினார். புது வருடத்தில் திரும்பப் போனாள். "வேறை பள்ளிக்கூடத்திலை கேட்டுப் பாருங்கோவன்" என்றாராம். பக்கத்து இரண்டு பள்ளிக்கூடங்களிலும் கேட்டாயிற்று. ஒன்றில் வகுப்பில் இடமில்லை. மற்றதில் இடம் இருந்தது. பிள்ளையின் தகப்பன் யாரென்று தெரிந்ததும் அங்கேயும் இடமில்லாமல் போய்விட்டது.

அவளுக்குப் பதினைந்து வயது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதிபர் சேர்ப்பார் என்று மீனாம்பிகை நம்புகிறாள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை.

எனக்கு இரண்டு வருடம் தந்தார்கள். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டவன், அதைப்பற்றி ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் நீதவான் தீர்ப்பை வாசித்தபோது அதில் என் மகளின் பேர் இருக்கவில்லை.

இப்படிக்கு,
க. சண்முகநாதன்


திருநெல்வேலி.
28.03.2025

திரு. சண்முகநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கச் சொன்னது என் மனைவி வினிபிரட். நான் கிழிக்கவில்லை. அதனால் உங்களுக்கு உதவப் போகிறேன் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் மகளைப் பாடசாலைக்கு வர வேண்டாமென்று நான் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய இடத்திலும் நான் இல்லை. இடுப்பு எலும்பில் தகடு வைத்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, கடைசியில் உடல்நிலை காரணமாக ஓய்வு பெற்றுவிட்டேன். இருபத்தொன்பது வருடச் சேவை அப்படி முடிந்தது. பொல்லை ஊன்றித்தான் நடக்கிறேன். எங்கள் சேர்ச்சில் திருவிருந்துக்கு எல்லோரும் முழங்காலிடும்போது நான் மட்டும் நின்றுகொண்டிருக்கிறேன்.

ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று தரங்களுக்கும் கணிதத்துக்கு நான் ஒருவன். இன்னொருவரைத் தாருங்கள் என்று வருடா வருடம் எழுதிக் கேட்டோம். வரவில்லை. வெளியே ரியூசனுக்குப் போக வசதியில்லாத பிள்ளைகளைப் பாடசாலை விட்ட பிறகும் மறித்துவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் மகளும் அதில் இருந்தவள். அப்படியிருக்க, தவணைப் பரீட்சையில் ஒரு சொல்லும் எழுதாத வெறும் தாளைத் தந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கோடு கீறுகிற அடிமட்டத்தால் விரல் முறிய அடித்தது பிழை. சுற்றறிக்கைப்படியும் பிழை, அதை விட்டுப் பார்த்தாலும் பிழை. நீதிமன்றத்தில் நான் அதை மறுக்கவில்லை.

ஆனால் அடிமட்டத்துக்கும் மேல்மாடிப் படிக்கட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் என்னைத் தள்ளினீர்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இதற்கு மேல் எனக்கு எழுத வேண்டாம்.

எஸ். ஜெபரட்ணம்


சிறைச்சாலை,
யாழ்ப்பாணம்.
20.04.2025

ஜெபரட்ணம் சேருக்கு,

எழுத வேண்டாமென்றீர்கள். எழுதுகிறேன்.

நான் தள்ளவில்லை. சட்டையைப் பிடித்தேன். கையை எடுக்கச் சொன்னீர்கள். எடுத்தேன். நீங்கள் பின்னுக்கு வாங்கினீர்கள், பின்னுக்குப் படி இருந்தது. நீதவானுக்கு முன்னால் கோட்டில் நான் இதைச் சொல்லவில்லை. சட்டத்தரணி சொல்ல வேண்டாம் என்றார். உங்களுக்காவது சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

வருடப்பிறப்புக்கு மீனாம்பிகையும் கோபிகாவும் என்னைப் பார்க்க வந்தார்கள். பிள்ளையின் உடுப்பில் மிளகாய் மணம். அச்சுவேலியில் ஓர் ஆலையில் தூள் பொதி செய்கிற வேலைக்குப் போகிறாளாம். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்திருக்கிறாள். "ஏனம்மா?" என்று கேட்டேன். "அங்கை ஒருத்தரும் என்னைக் கேள்வி கேக்கிறேல்லை அப்பா" என்றாள்.

நான் எப்படிப் படிப்பை விட்டேன் என்று சொல்கிறேன். தொண்ணூற்றைந்தில் சண்டையால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது எனக்கு எட்டாம் வகுப்பு. சாவகச்சேரிப் பக்கம் இருந்துவிட்டு அடுத்த வருடம் திரும்பி வந்தோம். என்னை விடச் சின்னப் பிள்ளைகளோடு இருத்தினார்கள். வெட்கமாக இருந்தது. ஒரு கிழமை போனேன், பிறகு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டேன். அந்தப் பெடியன் ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு ஆள் எங்கள் வீட்டுப் படலைக்கு வந்ததில்லை. பள்ளிக்கூடம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்கிறார்கள். திறந்துதான் இருக்கிறது. வராத பிள்ளையைத் தேடிப்போகத்தான் ஆளில்லை.

இங்கே முறைசாராக் கல்வி என்று ஓர் ஆசிரியை வருகிறா. முதலில் பொழுது போகட்டும் என்றுதான் போய் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் அறுபது வயது மனிதர் ஒருவர் தன் பேரை எழுதப் பழகுகிறார். எழுதி முடித்துவிட்டு எல்லோருக்கும் காட்டுவார். நானும் பதினோராம் தரத்து ஓ.எல். சோதனை எழுதலாம் என்கிறா அந்த ரீச்சர். பேரும் பதிந்துவிட்டா.

பாருங்கோ சேர், நான் மறியற்சாலைக்கு வந்ததால் என்னைத் தேடிப் படிப்பு வந்திருக்கிறது. ஒரு குற்றமும் செய்யாமல் வெளியே நிற்கிற பிள்ளையைத் தேடி ஒருவரும் வரவில்லை.

க. சண்முகநாதன்


திருநெல்வேலி.
06.06.2025

திரு. சண்முகநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். நீங்கள் தள்ளினீர்களா, நான் பின்னுக்கு வாங்கினேனா என்று இனி வாதாட எனக்குத் தெம்பில்லை. எனக்குத் தள்ளியதாகத்தான் ஞாபகம். அது அப்படியே கிடக்கட்டும்.

போன சனிக்கிழமை பின்னேரம் ஓட்டோ பிடித்து உரும்பிராய்க்குப் போனேன். வினிபிரட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் படலையில் நின்று கூப்பிட்டேன். உங்கள் மனைவி வந்து படலையைத் திறக்காமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவர் வீட்டிலை இல்லை."

"தெரியும்."

"பிறகேன் வந்தனீங்கள்?"

"பிள்ளையைப் பாக்க."

"பாத்து?"

உங்கள் மனைவி என் பொல்லைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து படலைக்கு வெளியே, ஒழுங்கையில் வைத்தார். அவரில் எனக்கு ஒரு குறையுமில்லை. அதற்கு மேல் எனக்கு உரிமையும் இல்லை.

ஒழுங்கையில் போனவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். இருட்டுவதற்கு முன் உங்கள் மகள் சைக்கிளில் வந்தாள். என்னைக் கண்டதும் பிறேக் பிடித்தாள். அப்போதுதான் கையைக் கண்டேன். மற்ற விரல்கள் பிடிக்க, அந்த விரல் மட்டும் மடங்காமல் தனியே நீட்டிக்கொண்டு நின்றது. வைத்திய அறிக்கையில் வாசிக்கக் கேட்டிருந்தேன். கண்ணால் கண்டது அன்றுதான்.

"எப்பிடியம்மா இருக்கிறாய்?"

"இருக்கிறன் சேர்."

"திரும்பப் பள்ளிக்கூடம் வர விருப்பமே?"

"வந்து எங்கை இருக்கிறது? என்ரை கதிரையை எடுத்துப்போட்டினமாம்."

கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனேன். அதிபர் நல்ல மனிதர், தேநீர் தந்தார். தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அந்தப் பிள்ளையைத் திரும்ப எடுத்தால் பணிப் பகிஷ்கரிப்புச் செய்வோம் என்று ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முன்னுக்கு நின்றவர் அடைக்கலநாதன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். நான் விழுந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களெல்லாம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்.

"உங்களுக்காகத்தானே சேர் செய்தனாங்கள்," என்றார் அடைக்கலநாதன். "அந்தப் பிள்ளையிலை ஒருத்தருக்கும் கோபமில்லை. ஆனா விட்டுக்குடுத்தா நாளைக்கு இன்னொரு தகப்பன் வருவான். எங்களுக்கு ஆர் காவல்?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பயந்த மனிதன் சொல்கிற நியாயம்.

அங்கிருந்து வலயக் கல்விப் பணிமனைக்குப் போனேன். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். பிள்ளை தன் விருப்பத்தில் விலகியதாகப் பதிவாகியிருக்கிறதாம். பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி அல்லவா, விலக எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன். "அதுக்கொரு குழு இருக்கு சேர், கூடேக்கை இதையும் வைப்பம்" என்றார் ஒரு உத்தியோகத்தர். எப்போது கூடும் என்றேன். அதற்குப் பொறுப்பானவர் மாற்றலாகிப் போய்விட்டாராம்.

நடந்ததை எழுதியிருக்கிறேன். நான் உங்களை மன்னித்துவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை.

எஸ். ஜெபரட்ணம்


சிறைச்சாலை,
யாழ்ப்பாணம்.
22.06.2025

சேருக்கு,

என்னைக் கேட்காமல் என் வீட்டுக்கு ஏன் போனீர்கள்? ஆம்பிளை ஆள் இல்லாத வீடு. நீங்கள் போன பிறகு ஒழுங்கை முழுக்கக் கதை. வழக்கைத் திரும்ப எடுக்கப் போகிறீர்களாம், காணியை எழுதிக் கேட்டீர்களாம். மீனாம்பிகை இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை.

கோபிகாவிடம் கேட்டேன். "அவரைக் கண்டா கோபம் வருமெண்டு நினைச்சனான் அப்பா. பொல்லோடை கதிரையிலை இருந்தார். கோபம் வரேல்லை. அதுதான் எனக்குக் கோபம்" என்றாள். நான் இங்கே இருக்கிற காலத்தில் அவள் பெரிய ஆள் மாதிரிக் கதைக்கப் பழகிவிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். வாசிக்கிற வேகம் இப்போது கூடியிருக்கிறது. எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அதிபர் சொன்னது, உத்தியோகத்தர் சொன்னது, அடைக்கலநாதன் சேர் "உங்களுக்காகத்தான்" என்று சொன்னது. அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது மட்டும் கடிதத்தில் இல்லை. எழுத மறந்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அங்கே நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளையை வெளியே நிறுத்தி வைத்திருப்பது உங்கள் பேரில். எனக்காக வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு மட்டும்தான் முடியும்.

மீனாம்பிகையிடம், இனி அவர் வந்தால் உள்ளுக்குக் கூப்பிடு என்று சொல்லியிருக்கிறேன். வெளியே இருத்துவது எங்களுக்குத்தான் மரியாதைக் குறைவு.

க. சண்முகநாதன்


திருநெல்வேலி.
09.08.2025

அன்புள்ள சண்முகநாதன்,

நீங்கள் எழுதியது சரி. அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகும் ஆறு கிழமை ஒன்றும் சொல்லவில்லை. தவணை முடிவதற்கு முதல்நாள் ஆசிரியர் கூட்டம் என்று அறிந்து, அதிபரிடம் அனுமதி கேட்டுப் போனேன்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்கு நல்ல கதிரை போட்டார்கள். விழுந்த மனிதனைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வைக்கு முன்னால் நான் சொல்ல வந்ததைச் சொல்வது கடினமாக இருந்தது. என் பேரால் கொடுத்த கடிதத்தை மீளப் பெறுங்கள் என்றேன். என்னை வருத்தியது அந்தப் பிள்ளை அல்ல, அந்தப் பிள்ளையை வருத்தியது நான் என்றேன்.

ஒரு ஆசிரியை அழுதார். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அடைக்கலநாதன் இருந்த இடத்திலேயே இருந்து கேட்டார், "அப்ப எங்களை என்ன மாதிரி சேர்? நாங்கள் இத்தனை நாளும் ஆருக்காகச் சண்டை பிடிச்சனாங்கள்?"

"எனக்காக எண்டு நினைச்சியள். உங்கடை பயத்துக்காகவும் பிடிச்சியள். பயம் பிழையெண்டு நான் சொல்லேல்லை. அதுக்கு ஒரு பிள்ளையை விலையாக் குடுக்கேலாது."

அவர் அதன்பிறகு என்னோடு கதைக்கவில்லை. நேற்று வழியில் கண்டபோது மற்றப் பக்கம் திரும்பினார். என் நெருங்கிய நண்பர் அவர். வினிபிரட் என்னைக் கேட்டாள், "உங்களை விழுத்தினவனுக்காக, தூக்கினவனை விட்டிட்டு வந்திருக்கிறியளே?"

கடிதத்தைப் பெரும்பாலானவர்கள் மீளப் பெற்றுவிட்டார்கள். அதிபர் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டார். அடுத்த தவணை தொடங்கும் நாளில் வரலாம். ஒரு வருடம் போய்விட்டதால் தரம் பத்தில்தான், தன்னை விட இளைய பிள்ளைகளோடு. உங்களுக்கு நடந்ததுதான் அவளுக்கும். அதை மாற்ற என்னால் முடியவில்லை. ஒரு கிழமையில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

எஸ். ஜெபரட்ணம்


சிறைச்சாலை,
யாழ்ப்பாணம்.
14.09.2025

மதிப்புக்குரிய சேருக்கு,

பிள்ளை போகிறாள். மிளகாய் ஆலை வேலையை விட்டுவிட்டாள். முதல் நாள் வெள்ளைச் சட்டை தோளில் இறுக்கமாக இருந்ததாம், மீனாம்பிகை தையலைப் பிரித்து விட்டிருக்கிறாள். அடைக்கலநாதன் சேர் விஞ்ஞானப் பாடத்தில் அவளை ஒன்றும் கேட்பதில்லையாம். ஆனால் கொப்பியைத் திருத்திக் கொடுக்கிறாராம், அதில் ஒரு குறையும் வைக்கவில்லையாம். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது. எப்படி என்று தெரியவில்லை.

போன ஞாயிறு கோபிகா வந்தபோது, கணக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன். சிரித்தாள். "கணக்குக்கு ஆளில்லை அப்பா" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். உங்களுக்குப் பிறகு அந்த இடத்துக்கு ஒருவரும் வரவில்லையாம். மூன்று தரத்துக்கும் இல்லை. கணக்குப் பாடம் வந்தால் யாராவது ஒரு ரீச்சர் வந்து சத்தம் போடாமல் இருக்கச் சொல்வாராம். ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் அந்தக் கொப்பியை எடுத்துச் செய்வார்களாம். மற்றவர்கள் யன்னலால் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். இந்த வருடம் ஓ.எல். எழுதிய பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கணக்கில் சித்தி இல்லையாம்.

சேர், அன்று என்னால் விழுந்தது ஒரு மனிதர் மட்டும்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள், என்னைப் போல எத்தனை பேரின் பிள்ளைகள் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு இங்கே ஒரு ரீச்சர் வந்து பக்கத்தில் இருந்து கணக்குச் சொல்லித் தருகிறா. ஓ.எல். விண்ணப்பத்தில் கையெழுத்தும் வைத்துவிட்டேன். இப்போது அந்த வகுப்புக்குப் போய் இருக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கேட்கக்கூடாத ஆள் கேட்கிறேன். நீங்கள் போய்ச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

கோபிகாவிடம் முதலில் கேட்டேன். அவள் இருக்கிற வகுப்பில் நீங்கள் வந்து நிற்பதை அவள் தாங்குவாளா என்று தெரிய வேண்டுமே. காவலாளி நேரமாகிறது என்றார்.

"அவர் என்னட்டை மன்னிப்புக் கேக்கத் தேவையில்லை," என்றாள். "எனக்கு விளங்கேல்லை எண்டா திரும்பக் கேப்பன். எத்தினை தரம் கேட்டாலும் அவர் திரும்பச் சொல்லோணும். எல்லாரும் இருக்கேக்கை சொல்லோணும். ஏலுமெண்டா வரட்டும்."

அவள் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன்.

க. சண்முகநாதன்


திருநெல்வேலி.
05.10.2025

அன்புள்ள சண்முகநாதன்,

இரண்டு கிழமையாகப் போகிறேன். அனுமதி இன்னும் எழுத்தில் வரவில்லை. ஓய்வு பெற்றவர், அதுவும் உடல்நிலை காரணமாக ஓய்வு பெற்றவர், வகுப்பெடுக்க விதி இல்லை என்று பணிமனையில் சொல்கிறார்கள். புதிய ஆசிரியர் எப்போது வருவார் என்று கேட்டால், வெற்றிட விபரம் அனுப்பப்பட்டிருக்கிறது என்கிறார்கள். அதிபர் தன் பொறுப்பில் விட்டிருக்கிறார். எந்த நாளும் யாராவது வந்து நிறுத்தலாம். என் காலும் நிறுத்தலாம். மூன்று பாடம் நின்றுவிட்டு வந்தால் மறுநாள் எழும்ப முடிவதில்லை. வினிபிரட் எண்ணெயைச் சூடாக்கித் தருகிறாள். அடைக்கலநாதன் கதைப்பதில்லை. ஆனால் நான் போன இரண்டாம் நாள் தரம் பத்தை மாடியிலிருந்து கீழே நூலக அறைக்கு மாற்றியிருந்தார்கள். யார் கேட்டு மாற்றினார்கள் என்று அதிபர் சொல்லவில்லை.

உங்கள் மகளைப் பற்றி எழுத வேண்டும்.

கடைசி வரிசையில் சுவரோரம் இருக்கிறாள். முதல் நாள் காரணிப்படுத்தல் எடுத்தேன். கரும்பலகையில் ஒன்றைச் செய்து காட்டி முடித்ததும் எழுந்து நின்றாள்.

"விளங்கேல்லை சேர்."

எல்லாப் பிள்ளைகளுக்கும் நடந்ததெல்லாம் தெரியும். நான் அழித்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.

"இன்னும் விளங்கேல்லை."

எண்களை மாற்றி, படிப்படியாக, வேறு விதமாகச் சொன்னேன். "விளங்கேல்லை" என்றாள், அதே குரலில். இத்தனை வருடமும் அந்த இடத்தில் என் வாயில் வருகிற சொற்கள் எல்லாம் வந்து நின்றன. பொல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான்காம் தரமும் சொன்னேன். கதிரையில் இருந்துவிட்டாள்.

அடுத்த நாளும் அதே கணக்கு. அதற்கடுத்த நாளும். என்னைச் சோதிக்கிறாளா, உண்மையிலேயே விளங்கவில்லையா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. இருபத்தொன்பது வருடம் படிப்பித்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை வெறும் தாளைத் தந்தபோதும் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இப்போது வேறு சில பிள்ளைகளும் எழுந்து நின்று விளங்கவில்லை என்கிறார்கள். முன்பு என் வகுப்பில் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் விளங்குகிறது என்று நான் நினைத்திருந்தேன்.

பாடம் மெதுவாகப் போகிறது. இப்படிப் போனால் பாடத்திட்டம் முடியாது. அதிபருக்கும் அந்தக் கவலை இருக்கிறது. ஆனாலும் நாளைக்கும் போவேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் மகள் வழக்கம்போல எழுந்து நின்றாள். நான் அழிப்பானை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்தக் கணக்கை அவள் கேட்கவில்லை. அதற்கு அடுத்ததைக் கேட்டாள்.

எஸ். ஜெபரட்ணம்